டூரிங் வண்டி வாங்கப் போகிறீர்களா? ஐந்தாவது மணி நேரத்தை முதலில் பாருங்கள்

"லாங் ரைடு போக எந்த வண்டி வாங்கலாம் அண்ணா?" என்று மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள், கையில் 125 சிசியோ 150 சிசியோ வைத்திருப்பவர்கள். கேட்கும்போதே மனதில் சில பெயர்களும் இருக்கும். ஹிமாலயனா, டாமினாரா, வி-ஸ்ட்ராமா, இல்லை இன்னும் ஒரு வருடம் பொறுத்து 650 எடுத்துவிடலாமா? நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறீர்கள், ஐந்தாவது மணி நேரத்தில் உடம்பில் எங்கே வலித்தது?

பலருக்கு இதற்குப் பதில் தெரிவதில்லை. அது தெரியாத வரைக்கும் எந்த வண்டியையும் எந்த வண்டியோடும் ஒப்பிட முடியாது. ஷோரூமில் கிடைக்கும் டெஸ்ட் ரைடு பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்கு எல்லா வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். சீட் மெத்தென்று இருப்பது இருபதாவது கிலோமீட்டரில் ஒரு விஷயம், இருநூறாவது கிலோமீட்டரில் வேறொரு விஷயம். அதனால் இந்தக் கட்டுரையில் வண்டியின் பெயர்கள் கொஞ்சம் தள்ளித்தான் வரும். முதலில் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

முதலில், இருக்கிற வண்டியில் ஒரு முழு நாள்

புது வண்டிப் பேச்சை ஒரு மாதம் ஒத்திப்போடுங்கள். வீட்டில் ஸ்ப்ளெண்டர் இருந்தாலும் யூனிகார்ன் இருந்தாலும் பல்சர் இருந்தாலும் சரி, அதைச் சர்வீஸ் செய்து, டயரில் காற்றைச் சரிபார்த்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, ஒரே நாளில் 250 முதல் 300 கிமீ ஓட்டிப் பாருங்கள். சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 300 கிமீ ஆகிவிடும். கோவையில் இருப்பவர்கள் ஆழியாறு வழியாக வால்பாறை போய் வரலாம். 40 கொண்டை ஊசி வளைவுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மதுரைக்காரர்களுக்கு ராமேஸ்வரம் இருக்கிறது. போக வர 340 கிமீ அளவுக்கு வரும், முதல் முறைக்குக் கொஞ்சம் அதிகம்தான். ராமநாதபுரம் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் போதும்.

ஒவ்வொரு மணி நேரமும் வண்டியை ஓரமாக நிறுத்தி, போனில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது, எங்கே மரத்துப்போகிறது, எந்த வேகத்தில் நிம்மதியாக இருந்தது. இந்த இரண்டு வரிகள்தான் பின்னால் லட்சக்கணக்கான ரூபாயைக் காப்பாற்றப் போகின்றன, அதனால் சோம்பல்படாமல் எழுதுங்கள்.

உள்ளங்கையும் மணிக்கட்டும் வலித்தால் உடம்பின் பாரம் கையில் இறங்குகிறது என்று அர்த்தம். உங்களுக்கு ஹேண்டில்பார் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கிறது. கை விரல்கள் விர்ரென்று மரத்துப்போனால் அது இன்ஜின் அதிர்வு. நீங்கள் ஓட்டும் வேகத்தில் இன்ஜின் அதன் வசதிக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. வால் எலும்பு வலித்தால் சீட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள், கால் எங்கே இருந்தது என்றும் பாருங்கள். கால் முன்னால் நீட்டியபடி இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகுத்தண்டில்தான் ஏறும். முழங்கால் வலித்தால் கால் வைக்கும் பெக் உங்கள் கால் நீளத்துக்கு உயரமாக இருக்கிறது. கழுத்தும் தோளும் வலித்தால் காற்று. நெஞ்சில் மோதும் காற்றை எதிர்த்து ஐந்து மணி நேரம் உடம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வலியாகக் கணக்கெடுப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் தலைக்குள் 'உய்ய்' என்ற சத்தம் நிற்காமல் இருப்பது. அது ஹெல்மெட்டுக்குள் சுழலும் காற்றின் இரைச்சல். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் வைத்துப் பாருங்கள். நாள் முடிவில் இருக்கும் களைப்பு பாதியாகக் குறைந்தது போல இருக்கும். ஹாரன் சத்தம் அப்போதும் கேட்கும்.

இந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டால்தான் ஒப்பிடவே தொடங்க முடியும். சிலருக்கு இந்த ஒரு நாளிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும்: 150 கிமீக்கு மேல் ஓட்டுவதே தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காசு மிச்சம்.

போகப் போகிற சாலை எது?

லடாக் கனவு நிறையப் பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு லடாக்குக்காக வண்டி வாங்குவது, வருடத்தில் ஒரு நாள் வரும் விருந்தாளிக்காக வீடு கட்டுவது போல. லே நகரிலேயே வாடகைக்கு வண்டி கிடைக்கிறது. உங்கள் வண்டி உண்மையில் போகப் போவது ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் மூணாறுக்கும் தனுஷ்கோடிக்கும்தான். மீதி நாளெல்லாம் அலுவலகத்துக்கு.

ஒரு தாளில் போன வருடம் போன இடங்களையும், வரும் வருடம் நிச்சயமாகப் போகப் போகிற இடங்களையும் எழுதுங்கள். ஆசைப்படுகிற இடங்களை எழுத வேண்டாம். அதில் எத்தனை கிலோமீட்டர் நாலு வழிச்சாலை, எவ்வளவு மலைப்பாதை, மண் ரோடு உண்மையில் எவ்வளவு? நான் என் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது மண் ரோடு நூற்றில் ஐந்துகூட வரவில்லை. தங்கும் விடுதிக்குப் போகிற கடைசி இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான்.

பின்னால் யாராவது உட்காரப் போகிறார்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தனியாகப் போவதற்கு நல்ல வண்டியும் இருவர் போவதற்கு நல்ல வண்டியும் பல சமயம் வேறு வேறு. மனைவியோ நண்பரோ கூட வருவதாக இருந்தால் டெஸ்ட் ரைடுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். பின்சீட்டின் அகலம், பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, சைலன்சரின் சூடு காலில் படுகிறதா என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. முன்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

வேகத்தையும் இங்கேயே பேசிவிடுவோம். மத்திய அரசு 2018ல் நிர்ணயித்த வரம்பின்படி நாலு வழி நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிமீ. நம் சாலையில் நாய், மாடு, எதிர்த்திசையில் வரும் டிராக்டர், பைபாஸைக் குறுக்கே கடக்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் உண்டு. 80 என்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல, உயிருக்கும் அதுதான் சரி. அப்படியென்றால் 160 போகும் வண்டி எதற்கு? லாரியைத் தாண்ட வேண்டிய அந்த நாலைந்து விநாடிக்குப் பலம் வேண்டும், 80ல் மணிக்கணக்கில் ஓடும்போது இன்ஜின் பாதி மூச்சில் ஓட வேண்டும். டூரிங் வண்டியின் சக்தி இந்த இரண்டுக்கும்தான். உச்ச வேகத்தைப் பார்த்து வண்டியை ஒப்பிடுகிறவர்கள் தங்களுக்குத் தேவைப்படாத ஒன்றை ஒப்பிடுகிறார்கள்.

உடம்புக்கு அளவெடுப்பது

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீட் உயரம் என்று ஒரு எண் எல்லா வண்டிக்கும் போட்டிருப்பார்கள். சூப்பர் மீட்டியார் 650க்கு 740 மிமீ, மீட்டியார் 350க்கு 765, டாமினார் 400க்கு 800, கிளாசிக் 350க்கு 805, ஹிமாலயன் 450க்கு 825 (அதையே 845க்கு ஏற்றவும் செய்யலாம்), வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸுக்கு 835. படிக்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. 740க்கும் 835க்கும் நடுவே பத்து சென்டிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு, இரண்டு பாதமும் பதிய நிற்பதற்கும் நுனிவிரலில் தத்தளிப்பதற்கும் உள்ள தூரம் அந்தப் பத்து சென்டிமீட்டர்தான்.

நான் வாங்கிய முதல் பெரிய வண்டி உயரமானது. ஷோரூமின் சமமான டைல்ஸ் தரையில் நுனிவிரல் எட்டியது, போதும் என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது மாதம் கொல்லிமலை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பதுக்கு மேலான ஒரு வளைவில் மேலே இருந்து பேருந்து வந்தது. நின்று வழிவிட வேண்டியிருந்தது. இடது காலை ஊன்றினேன், அந்தப் பக்கம் சாலை சரிந்திருந்தது, கால் எட்டவில்லை. பெட்டியோடு சேர்த்து இருநூறு கிலோவுக்கு மேல் இருந்த வண்டி மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்தது. எனக்கு அடி எதுவும் இல்லை, கிளட்ச் லீவர் உடைந்தது. பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கி வந்து தூக்கிக் கொடுத்தார்கள். வண்டியில் குற்றம் இல்லை. நான் சமதரையில் மட்டும் அளவெடுத்திருந்தேன்.

அதனால் ஷோரூமில் இப்படிச் செய்யுங்கள். நீண்ட பயணத்துக்குப் போடப் போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். வண்டியில் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல், கால்களால் பின்னால் தள்ளுங்கள். பத்தடி பின்னால் நகர்த்த முடியாத வண்டியை மலையோர டீக்கடைச் சரிவில் நிறுத்தினால் எடுக்க முடியாது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து மறுபடி தள்ளிப் பாருங்கள். டெஸ்ட் ரைடில் நேர்ச்சாலையில் முறுக்கிப் பார்ப்பதைவிட, ஒரு குறுகலான தெருவில் கால் ஊன்றாமல் யூ-டர்ன் அடித்துப் பாருங்கள். அப்புறம் சாலையின் சரிந்த ஓரத்தில் நிறுத்தி, தாழ்ந்த பக்கம் காலை ஊன்றிப் பாருங்கள். சீட் உயரம் மட்டும் பார்த்தால் போதாது, சீட்டின் முன்பக்க அகலத்தையும் பாருங்கள். அகலமான சீட் தொடையை விரிக்கும், கால் எட்டும் தூரம் குறையும்.

உட்காரும் விதத்தில் மூன்று வகை உண்டு. மீட்டியார், சூப்பர் மீட்டியார் போன்ற க்ரூஸர்களில் சீட் தாழ்வு, கால் முன்னால். குட்டையானவர்களுக்கும் புதியவர்களுக்கும் நம்பிக்கை தரும் வண்டிகள், நல்ல சாலையில் ராஜபோகம். ஆனால் பள்ளம் வந்தால் பெக்கில் காலை ஊன்றி எழுந்து நிற்பது கடினம், அடி முழுக்க முதுகுக்குப் போகும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், வி-ஸ்ட்ராம் போன்ற அட்வென்ச்சர் வகையில் முதுகு நேராக, கால் நேர் கீழே, ஹேண்டில்பார் அகலமாக இருக்கும். எழுந்து நிற்கலாம், சாலையின் தூரம் வரை தெரியும். உயரம்தான் பிரச்சினை. மூன்றாவது, இன்டர்செப்டர், ஸ்பீட் 400, சிபி 350 போன்ற சாதாரண நேக்கட் வகை. நகரத்துக்கும் பயணத்துக்கும் நடுவே நிற்பவை. காற்றுத் தடுப்பு இல்லாததால் நெஞ்சில் காற்று முழுதாக மோதும்.

என் விருப்பத்தைக் கேட்டால், முதுகு நேராகவும் கால் நேர் கீழேயும் இருக்கும் அமர்வுதான். எனக்கு இடுப்பில் பழைய வலி உண்டு, க்ரூஸரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. என்னோடு அடிக்கடி வரும் நண்பருக்கு நேர் எதிர். மீட்டியாரில் ஒரே நாளில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போய் இறங்கிச் சிரித்துக்கொண்டே நிற்பார், என் வண்டியில் ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்பார். இரண்டு பேரும் சரிதான். உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் வலிதான் உங்கள் பக்கம் எது என்று சொல்லும்.

இன்ஜினை எப்படிப் படிப்பது

குதிரைசக்தியைவிட டார்க்கையும், அது இன்ஜினின் எத்தனை சுற்றில் (நிமிடத்துக்கு) கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். டார்க் என்றால் இழுவை. மீட்டியார் 350 இன்ஜின் 27 நியூட்டன் மீட்டர் இழுவையை 4000 சுற்றிலேயே தந்துவிடுகிறது, ஆனால் சக்தி 20 குதிரைதான். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் சுமார் 26 குதிரைசக்தி கொண்டது, எடையும் 167 கிலோதான், ஆனால் அதன் 22.2 நியூட்டன் மீட்டர் 7300 சுற்றில்தான் முழுதாக வரும். முதலாவதை மேல் கியரிலேயே வைத்து ஊர் ஊராகக் கடக்கலாம், கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால் 90ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும். வி-ஸ்ட்ராமைக் கியர் மாற்றி விரட்டினால் துள்ளி ஓடும். நிதானக்காரரா, துறுதுறுப்பானவரா என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலே 400 வகை. ஹிமாலயன் 450, 452 சிசி இன்ஜினில் 40 குதிரையும் 40 நியூட்டன் மீட்டரும் தருகிறது. டாமினார் 400, ஸ்பீட் 400 இரண்டும் 40 குதிரை அளவில் நிற்கின்றன. 80லும் 90லும் ஓடும்போது இன்னும் நிறையப் பலம் மிச்சமிருப்பது தெரியும், இருவரும் பெட்டியுமாக மலை ஏறும்போது அது நிம்மதி. இவற்றில் திரவக் குளிர்விப்பு உண்டு. மலையில் அது நல்லது. மே மாதத்து கத்திப்பாரா நெரிசலில் விசிறி தள்ளும் சூடான காற்று காலில் அடிக்கும்.

இன்டர்செப்டர் போன்ற 648 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் தரும் இதம் தனி. 47 குதிரை, 52 நியூட்டன் மீட்டர். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் கை மரத்துப்போகிறவர்களுக்கு இது ஒரு மருந்து மாதிரி. ஆனால் முதல் பெரிய வண்டியாக நான் பரிந்துரைப்பதில்லை. இங்கே 125க்கும் 650க்கும் ஓட்டுநர் உரிமம் ஒன்றேதான், தனித் தேர்வு கிடையாது. அதனால் அந்தப் பயிற்சியை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 150ல் இருந்து 350க்கோ 400க்கோ வந்து, பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அப்புறம் 650 ஏறுங்கள். இரண்டு வருடத்தில் அந்த வண்டி எங்கேயும் ஓடிப்போகாது.

வரியும் இந்தக் கணக்கில் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். 350 வகைக்கும் அடுத்த படிக்கும் இடையிலான விலை இடைவெளி முன்பைவிட அதிகம். அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, ஷூ நான்கும் வாங்கி இரண்டு வருடப் பயணச் செலவையும் பார்த்துவிடலாம்.

பெட்ரோல் டேங்கைப் பற்றி நம் ஊரில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, நெடுஞ்சாலை நெடுக பங்க் இருக்கிறது. மீட்டியாரில் 15 லிட்டர், ஹிமாலயன் 450ல் 17, இன்டர்செப்டரில் 13.7, வி-ஸ்ட்ராமில் 12. உங்கள் கையில் கிடைக்கும் மைலேஜால் பெருக்கி, இரண்டு மூன்று லிட்டரை இருப்பாகக் கழித்துக்கொண்டால் தூரம் தெரிந்துவிடும். வால்பாறையில் இருந்து மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் காட்டுச் சாலை மாதிரி இடங்களுக்கு மட்டும் டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள்.

சக்கரமும் டயரும்

முன்சக்கரம் 21 அங்குலமா, 19ஆ, 17ஆ என்பதைக் கவனியுங்கள். ஹிமாலயனிலும் எக்ஸ்பல்ஸிலும் 21. கல்லும் குழியுமான பாதையில் உருண்டு ஏறிவிடும், தார் ரோட்டு வளைவில் சாய்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். டாமினாரில் 17, வளைவில் சொன்ன பேச்சு கேட்கும், பெரிய பள்ளத்தில் அடி வாங்கும். வி-ஸ்ட்ராமிலும் மீட்டியாரிலும் இருக்கும் 19 நடுவாந்தரம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சுற்றுகிறவருக்கு 19 போதும் என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியம் ட்யூப்லெஸ். ட்யூப் போட்ட ஸ்போக் சக்கரம் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், அரவக்குறிச்சிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஆள் கிடைத்து முடிவதற்கு மூன்று மணி நேரம் ஆனது. ட்யூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் ரப்பர் திரியைச் சொருகி, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். அதற்கான சிறு பெட்டியும் கையடக்கக் காற்றுப் பம்பும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். வீட்டில் ஒருமுறை பழைய டயரில் பழகிக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் ட்யூப் சக்கரமும் ட்யூப்லெஸ் சக்கரமும் வேறு வேறு விலையில் வருவதுண்டு. கூடுதல் பணம் கொடுத்து ட்யூப்லெஸ் எடுப்பது வீண் போகாது.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயர் பட்டன் நன்றாக இருந்தாலும் இறுகிப்போயிருக்கும், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பற்கள் சுறாப் பல் போலக் கூர்மையாகி வளைந்திருக்கின்றனவா, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பினால் நடுவில் சிக்குகிறதா என்று பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

உடைக்கும் மூட்டைக்கும் காசு ஒதுக்குங்கள்

வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், முடிந்தால் ஐரோப்பியத் தரமான இசிஇ 22.06 முத்திரையும் இருப்பதாகப் பாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் அதே தரம். தலை எல்லோருக்கும் ஒன்றுதான். நம் வெயிலுக்கு வலை போட்ட ஜாக்கெட் எடுங்கள், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் பாதுகாப்புத் தட்டு இருக்க வேண்டும். கெட்டியான துணி ஜாக்கெட் வாங்கினால் விழுப்புரம் தாண்டுவதற்குள் கழற்றிப் பின்னால் கட்டிவிடுவீர்கள். கட்டி வைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. கணுக்கால் மூடிய ஷூ, விரல் மூடிய கையுறை.

மூட்டை விஷயத்தில், கனமான சாமான் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் இருக்க வேண்டும். டூல், தண்ணீர், சார்ஜர் எல்லாம் சைடு பேக்கின் அடியில். டாப் பாக்ஸ் வசதிதான், ஆனால் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் உயரத்தில் பத்துக் கிலோவை வைத்தால் முன்சக்கரம் லேசாகிவிடும், வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். மழை ஜாக்கெட், துணி மாதிரி லேசானவை மட்டும் அங்கே. இருவர் போகும்போது பின் சஸ்பென்ஷனை இறுக்குங்கள், கையேட்டில் இருவருக்கான காற்றழுத்தம் தனியாகப் போட்டிருக்கும், அந்த அளவுக்கு அடியுங்கள். பலர் வண்டி விற்கிற வரை அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

முதல் நீண்ட பயணம்

புது வண்டி வந்ததும் முதல் சர்வீஸ் முடியட்டும். அப்புறம் இரண்டு நாள் பயணம் ஒன்று போடுங்கள், நாளுக்கு 300 கிமீக்கு மேல் வேண்டாம். சென்னையிலிருந்து ஏலகிரி நல்ல தொடக்கம்: சுமார் 230 கிமீ, கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்பலாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் முடிந்துவிடும். 80 கிமீக்கு ஒரு முறை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் நடங்கள். மாலை நாலு மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம் பிரேக் பிடிக்காத வண்டியைவிட ஆபத்தானது. கண் கனத்தால் பங்க்கிலோ கோயில் மண்டபத்திலோ இருபது நிமிடம் படுத்து எழுந்திருங்கள்.

மலை இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் பிரேக் சூடேறிச் சக்தி இழக்கும். வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்ததும் வேகத்தை 60க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே பக்கவாட்டுக் காற்று ஒரு லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் வண்டியை அரை அடி தள்ளிவிடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பந்திப்பூர், சத்தியமங்கலம் காட்டுச் சாலைகளில் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு, சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை 2024 மே மாதம் வந்தது, கிளம்புவதற்கு முந்தின நாள் அதைப் பார்த்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் நமக்குக் கட்டணம் இல்லை, ஓரமாக இருக்கும் பாதையில் மெதுவாகக் கடந்தால் போதும். அந்தப் பாதையில் பல இடங்களில் மணல் சேர்ந்திருக்கும், பார்த்துப் போங்கள்.

செயினை 500 கிமீக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போடுங்கள், மழையில் நனைந்தால் அன்றைக்கே. காலையில் கிளம்பும் முன் காற்று, பிரேக், விளக்கு, கட்டிய மூட்டை நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

வீடு திரும்பியதும் வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் பழைய குறிப்பை எடுத்து, இந்த வண்டியின் ஐந்தாவது மணி நேரத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதா? கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், கையும் லீவரும் ஒரே கோட்டில் வரட்டும். தோள் வலித்தால் ஹேண்டில்பாரின் போல்ட்டைத் தளர்த்தி, விரலளவு உங்கள் பக்கம் சுழற்றி இறுக்குங்கள். கியர் லீவர் ஷூவுக்கு இடிக்கிறது என்றால் அதன் உயரத்தையும் மாற்றலாம். இவை எதற்கும் காசு இல்லை, பட்டறையில் கேட்டால் கால் மணி நேரத்தில் செய்து தருவார்கள். காற்றுத் தடுப்பு, ஜெல் சீட், ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் என்று பொருள் வாங்கும் பட்டியலை, இந்த மாற்றங்களோடு இன்னொரு 300 கிமீ ஓட்டிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.